கஞ்சியும் கற்பூரமும்: மேடான் நகரில் ஒரு வாரம்

அருள்மறை மனிதனைப் பல இடங்களில் பயணத்தின்பால் அழைக்கின்றது. பூமியில் நடந்து சென்று, படைப்பு எவ்வாறு தொடங்கிற்று என்றும், முன்னிருந்தோரின் முடிவு எவ்வாறாயிற்று என்றும் நோக்குமாறு அது ஏவுகின்றது (அல்அன்கபூத் 29:20, அல்அன்ஆம் 6:11). நபித்தோழர் ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் ஒரேயொரு நபிமொழியைக் கேட்டறிவதற்காக ஒரு மாத வழிப் பயணம் மேற்கொண்ட செய்தியை ஹதீஸ் கலை மாணவர் அனைவரும் அறிவர். பயணத்தின் நோக்கம் பார்ப்பது மட்டுமன்று; பார்த்ததிலிருந்து படிப்பினை பெறுவதுமாகும்.

நாம் வசிக்கும் அஸ்தினாபுரம் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அண்மையில் உள்ளது. அஸ்ருத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருக்கும்போது விமான ஒலியால் பேச்சு இடையிடையே தடைப்படுவது வழக்கம். அண்மைக்காலமாக அந்தத் திண்ணையில் எம்மிடம் கேட்கப்படும் வினாக்களுள் ஒன்று இது: “ஹஜ்ரத், குடும்பத்தோடு இந்தோனேசியாவுக்குச் சுற்றுலா போகிறோம். பாலியில் ஹலால் சாப்பாடு கிடைக்குமா?” உலகிலேயே மிக அதிகமான முஸ்லிம்கள் வாழும் நாட்டுக்குச் செல்வோர் இவ்வினாவை எழுப்புவது வியப்பளிக்கலாம். ஆனால் பாலித் தீவு இந்துப் பெரும்பான்மை கொண்டது, வினா தவறன்று. எனினும், “இந்தோனேசியாவுக்கே போவதென்றால், நம் முன்னோர் போன துறைக்குப் போகலாகாதா?” என்று நாம் திருப்பிக் கேட்பதுண்டு. அவ்வாறு கேட்டுக்கொண்டேயிருந்த நாம், அரபிக் கல்லூரியின் ஆண்டு விடுமுறையில், ஷஅபான் மாதக் கடைசியில், இளைய மகனை உடன் அழைத்துக்கொண்டு மேடானுக்குப் புறப்பட்டோம். ரமளானின் முதல் மூன்று நோன்புகளை அங்கேயே நோற்றுத் திரும்பினோம்.

நீரிணையின் மறுகரை

மேடான் சுமத்திராத் தீவின் வடகிழக்கில் உள்ள பெருநகரம். வட சுமத்திரா மாநிலத்தின் தலைநகரம். கடலோரத்தில் உள்ள பெலாவான் அதன் துறைமுகம். எதிரே மலாக்கா நீரிணை. அதற்கு அப்பால் பினாங்கு. பினாங்கிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ விமானமேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மேடானின் குவாலாநாமு விமான நிலையத்தில் இறங்கலாம். 2013இல் திறக்கப்பட்ட இந்நிலையத்திலிருந்து நகரின் நடுப்பகுதிக்குத் தொடர்வண்டி வசதியும் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்றரைப் பாகையளவில் அமைந்த ஊராதலால் ஆண்டு முழுவதும் வெப்பமும் மழையும் மாறி மாறி வரும். பகலும் இரவும் எப்போதும் ஏறக்குறையச் சமமாக இருப்பதால், எந்தப் பருவத்தில் ரமளான் வந்தாலும் நோன்பின் நேரம் பெரிதாகக் கூடுவதில்லை, குறைவதுமில்லை.

இன்று நாம் காணும் மேடான் புகையிலையால் எழுந்த நகரம். 1863இல் யாக்கோபுஸ் நீன்ஹூய்ஸ் எனும் டச்சு வணிகர் டெலி சுல்தானகத்தில் புகையிலை பயிரிடத் தொடங்கினார். சுருட்டின் மேலுறைக்கு டெலி இலையைப் போல் வேறில்லை என்று ஐரோப்பியச் சந்தை கொண்டாடியது. தோட்ட வேலைக்குச் சீனரும், யாவா மக்களும், தமிழரும் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைக் குற்றவாளியாகத் தண்டிக்கும் அதிகாரத்தை 1880ஆம் ஆண்டின் கூலிச் சட்டம் முதலாளிகளுக்குத் துணையாக வழங்கிற்று. அங்கு நிகழ்ந்த கொடுமைகளை வான் டென் பிராண்ட் எனும் டச்சு வழக்கறிஞர் 1902இல் ஒரு சிறுநூல் வாயிலாக அம்பலப்படுத்தினார். நகரின் அழகிய கட்டடங்களைக் காணச் செல்வோர் இவ்வரலாற்றை முதலில் அறிந்துகொள்வது நலம்.

சுல்தானின் அரண்மனையும் பள்ளிவாசலும்

மைமூன் அரண்மனை 1888இல் கட்டத் தொடங்கப்பெற்றது. மலாய் அரசகுலத்தின் நிறமாகிய மஞ்சள், உள்ளும் புறமும் விரவிக் கிடக்கின்றது. கட்டுவித்தவர் சுல்தான் மஃமூன் அர்ரஷீத் பெர்காசா ஆலம்ஷா. ஹாரூன் அர்ரஷீத், அவர் மைந்தர் மஃமூன் ஆகிய இரு அப்பாஸியக் கலீபாக்களின் பெயர்களும் ஒரே சுல்தானின் பெயரில் இணைந்திருப்பது, பக்தாதின் புகழ் சுமத்திராவின் ஈரக் காடுகள் வரை எட்டியிருந்ததைக் காட்டுகின்றது. அரண்மனைக்கு அருகிலேயே அல்மஷ்ஹூன் பெரிய பள்ளிவாசல் அமைந்துள்ளது. 1906இல் தொடங்கி 1909இல் முடிவுற்ற இப்பள்ளிவாசலின் தனிச்சிறப்பு அதன் எண்கோண அமைப்பாகும். நான்கு திசையிலும் நீட்டிய முகப்புகள், கருநிறக் குவிமாடங்கள், உள்ளே இத்தாலியப் பளிங்கு, வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் எனக் காண்போர் கண்ணைக் கவர்கின்றது. வரைந்தவர்கள் டச்சுக்காரர்கள். செலவில் சுல்தானுக்குத் துணை நின்றவர்களுள் சோங் ஆ ஃபீ எனும் சீனப் பெருவணிகரும் ஒருவர். கெசாவான் பகுதியிலுள்ள பழைய ‘காங் பெங்கோக்’ பள்ளிவாசலையும் அவரே கட்டித் தந்தார் என்பர். அதன் கூரை சீனப் பாணியிலேயே அமைந்துள்ளது.

1946இல் கிழக்குச் சுமத்திராவில் மூண்ட கிளர்ச்சியில் மலாய் அரச குடும்பங்கள் பல சிதைந்தன. சுல்தான்களின் ஆட்சி முடிவுக்கு வந்தது. அரண்மனை இன்று நுழைவுக் கட்டணம் பெற்றுக் காட்டப்படும் காட்சிப்பொருள். பள்ளிவாசலோ ஐவேளையும் நிரம்புகின்றது. ஒரே மன்னர், ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுப்பிய இரு கட்டடங்களின் இன்றைய நிலை இது.

எம் போன்ற ஆசிரியருக்கு மேடான் மற்றொரு வகையிலும் முக்கியமான ஊர். இந்தோனேசியாவின் பெரிய கல்வி இயக்கங்களுள் ஒன்றாகிய அல்ஜம்இய்யத்துல் வஸ்லிய்யா 1930இல் இங்கே தான் தோன்றியது. பெரும் செல்வர்கள் அதனை நிறுவவில்லை; ஒரு மத்ரஸாவின் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடித் தொடங்கினர். ஷாஃபிஈ மத்ஹபைப் பேணி நூற்றுக்கணக்கான மத்ரஸாக்களை நடத்திவரும் அவ்வியக்கத்தின் தொடக்கம் ஒரு வகுப்பறையில் நிகழ்ந்த உரையாடலே.

கம்போங் மெட்ராஸ்

நகரின் நடுவே, சைனுல் ஆரிஃபீன் சாலையை ஒட்டி ‘கம்போங் மெட்ராஸ்’ எனும் பகுதி உள்ளது. முன்னர் இது ‘கம்போங் கெலிங்’ என வழங்கிற்று. கலிங்கம் எனும் பழம்பெயரின் வழிவந்த ‘கெலிங்’, தொடக்கத்தில் தென்னிந்தியரைச் சுட்டும் பொதுச் சொல்லாகவே இருந்தது. பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரில் அதற்கு இழிவேதும் இல்லை. காலப்போக்கில் அது இகழ்ச்சிச் சொல்லாய் மாறியமையால் மேடான் மக்கள் ஊரின் பெயரை மாற்றிக்கொண்டனர். இங்கே 1884இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் உள்ளது. தென்னிந்திய முஸ்லிம்களின் கௌதிய்யா பள்ளிவாசலும் உள்ளது.

பள்ளிவாசலின் பெயரை உரோமன் எழுத்தில் கண்டபோது சற்றே திகைத்தோம். ‘த’ ஒலி வரவேண்டிய இடத்தில் ‘ட’ ஒலிக்குரிய எழுத்து நின்றது. எமக்குத் தோன்றும் விளக்கம் இது. ‘கௌஸ்’ எனும் அரபுச் சொல்லின் இறுதியில் நிற்பது ‘ஸா’ எனும் நாநுனி எழுத்து. கௌதுல் அஃழம் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களை நினைவுகூரும் அச்சொல்லைத் தமிழ் முஸ்லிம்கள் ‘கௌது’ என்றே நாவில் வழங்குவர். தமிழில் தகரத்துக்கு ஒரே எழுத்துதான். அதன் வல்லொலியும் மெல்லொலியும் எழுத்தில் வேறுபடா. ஆகவே, தமிழ் நாவிலிருந்து கேட்டு உரோமன் எழுத்தில் வடித்தவர் அவ்வாறு வடித்திருக்கலாம். எங்ஙனமாயினும், அப்பெயர்ப் பலகையில் அரபும் தமிழும் சேர்ந்தே ஒலித்ததாக எமக்குப் பட்டது.

வழிபட வந்தவர்களிடம் தமிழில் சலாத்துக்குப் பின் நலம் கேட்டோம். முதியோர் இருவர் சில சொற்களில் விடையளித்தனர். இளையோர் புன்னகைத்தனர், அவர்கள் அறிந்தது இந்தோனேசிய மொழியே. அங்கிருந்த ஓர் இளம் ஆலிமுடன் நாம் அரபியில் உரையாடினோம். தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசலில் தமிழரோடு பேசுவதற்கு அரபு மொழி துணைக்கு வரவேண்டியிருந்தது.

உணவும் ஹலாலும்

மேடானில் உணவு பற்றிச் சற்று எச்சரிக்கை தேவை. இந்நகரில் முஸ்லிம்களோடு பத்தாக் இனக் கிறித்தவர்களும், சீனரும் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். உணவகப் பலகையில் ‘பெ.பெ.கா.’ எனும் மூன்றெழுத்துச் சுருக்கம் இருந்தால் அது கரோ முறையில் சுட்ட பன்றியிறைச்சி விற்கும் இடம். ‘லாப்போ’ எனும் பெயருடையவை பத்தாக் உணவகங்கள். அவற்றிலும் பன்றியிறைச்சி உண்டு. அவர்கள் தங்கள் உணவை வெளிப்படையாகப் பெயரிட்டே விற்கின்றனர். நாம் தான் படித்தறிந்து விலக வேண்டும். இந்தோனேசியாவில் 2014ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டம் ஹலால் சான்றிதழை அரசுப் பொறுப்பாக்கியது. 2022 முதல் ஊதா நிறத்தில், யாவா நிழற்கூத்தின் மலை வடிவில் அமைந்த இலச்சினை நடைமுறையில் உள்ளது. அதனைக் கண்டு நுழைவது எளிது.

காலையில் ‘லொந்தோங்’ கிடைக்கும். வாழையிலையில் சுருட்டி வேகவைத்த சோற்றுக் கட்டியைத் துண்டுகளாக்கி, தேங்காய்ப்பால் குழம்பில் இட்டுத் தருவர். நண்பகலில் ‘சோத்தோ மேடான்’. யாவாவின் சோத்தோ தெளிந்த சாறு, மேடானின் சோத்தோவோ தேங்காய்ப்பாலும் மசாலாவும் செறிந்தது. மாலையில் தெருவோரத்தில் ‘ரொத்தி சானே’யும் ஆட்டுக்கறிக் குழம்பும். வீச்சுப் பரோட்டாவை அறிந்த நம்மவருக்கு அக்கல்லின் ஓசையே போதும். இரவில் ‘மர்தபாக்’. இது அரபியின் ‘முதப்பக்’. மடித்து அடுக்கப்பட்டது என்பது பொருள். ஏழு வானங்களையும் அடுக்கடுக்காய்ப் படைத்ததைக் கூறுமிடத்தில் திருமறை ஆளும் சொல்லும் இதே வேரினின்று வருவதே (அல்முல்க் 67:3). யமன் நாட்டு அடுக்கடை, தென்னிந்தியரின் கைப்பக்குவத்தோடு மலாய் நாடெங்கும் பரவிற்று. நம் ஊர்களில் ‘முர்தபா’ என வழங்குவதும் அதுவே.

பழங்களில் டுரியானை விரும்புவோர் மேடானை அதன் தலைநகர் என்பர். எம் மகன் இரண்டு சுளை உண்டான். நாம் மணத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

சொற்கள் கடந்த கடல்

சந்தையில் நடந்தபோது எம் மகன் ஒரு விளையாட்டைத் தொடங்கினான். காதில் விழும் தமிழ்ச் சொற்களை எண்ணுவது அது. கடை, அவர்களுக்குக் ‘கெடாய்’. கப்பல், ‘காப்பால்’. பெட்டி, ‘பெத்தி’. முதல் எனும் முதலீடு, ‘மொடால்’. கிடங்கு தான் ‘குடாங்’ ஆயிற்று என்பர் மொழியறிஞர். எல்லாம் வணிகரின் சொற்கள். நம் ஊரில் லெப்பை எனப்படும் மார்க்கப் பணியாளர் மலாயில் ‘லெபாய்’ ஆனார்.

உணவுப் பெயர்களோ இவற்றினும் ஆழமானவை. மூங்கிற் குழாயில் அரிசிமாவை ஆவியில் வேகவைத்து, நடுவே பனைவெல்லம் வைத்துத் தருவதை ‘புத்து’ என்கின்றனர். நம் புட்டே அது. ஆப்பம் ‘ஆபம்’ ஆகிற்று, யாவாவில் ‘ஆபெம்’. ரமளானுக்கு முன் யாவா மக்கள் ஆபெம் சுட்டு அண்டை வீட்டாருக்கு வழங்கி, ஒருவரிடம் ஒருவர் பிழை பொறுக்க வேண்டுவர். அதனால் அப்பெயர் ‘மன்னிப்பு’ எனப் பொருள்படும் ‘அஃப்வ்’ எனும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததென்பது அங்குள்ள மக்கள் வழக்கு. மொழியியல் அதனை ஏற்காது, அது ஆப்பமே. ஆயினும், மன்னிப்பைப் பொருளாகக் கொண்டு ஓர் ஆப்பத்தைப் பகிர்ந்துண்ணும் மக்களின் சொல்லாராய்ச்சியைத் திருத்த எமக்கு மனம் வரவில்லை.

கறிவேப்பிலைக்கு இந்தோனேசிய மொழியில் ‘டாவுன் சாலாம் கோஜா’ என்றொரு பெயருண்டு. சாலாம் என்பது அங்குள்ள ஒரு நறுமண இலை. ‘கோஜா’ என்பது இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களைச் சுட்டும் சொல். ஆக, ‘முஸ்லிம் வணிகர்களின் சாலாம் இலை’ என்பது அப்பெயரின் பொருள். கறிவேப்பிலையை உண்ணும்போது ஒதுக்கி வைப்பது நம் வழக்கம். அவர்களோ அதனைக் கொணர்ந்தவரின் பெயரோடு சேர்த்தே வைத்திருக்கின்றனர்.

எதிர்த்திசையில் வந்தவையும் உள. நாம் உடுக்கும் சாரம், மலாயின் ‘சாரோங்’. கீழக்கரையின் புகழ்பெற்ற தொதல், இந்தோனேசியாவின் ‘டோடோல்’. மேடானிலிருந்து தெபிங் திங்கி செல்லும் சாலையில், பெர்பாவுங்கான் அருகே பசார் பெங்கெல் எனும் இடம் முழுவதும் டோடோல் கடைகள். மாவும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் இட்ட பெரும் வாணலியை மணிக்கணக்கில் கிண்டிக்கொண்டிருந்தவரின் தோள் அசைவு, கீழக்கரையில் நாம் கண்ட அசைவே. புதிய சுங்கச் சாலை வந்தபின் வாகனங்கள் இவ்வழியே வருவது குறைந்துவிட்டது என்று அவர் வருந்தினார்.

கற்பூரத்தின் ஊர்

சுவனத்து நல்லோர் அருந்தும் பானத்தின் கலவை ‘காஃபூர்’ என்று அல்இன்ஸான் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் கூறுகின்றது. நபி (ஸல்) அவர்கள் தம் மகளாரின் ஜனாஸாவைக் குளிப்பாட்டிய பெண்களிடம், இறுதி நீரில் கற்பூரம் சேர்க்குமாறு பணித்ததை உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கின்றார்கள். அந்நாளைய கற்பூரத்தின் சிறந்த ஊற்று சுமத்திரா ஆகும். அத்தீவின் மேற்குக் கரையிலுள்ள பாரூஸ் துறையை அரபு நூலோர் ‘ஃபன்ஸூர்’ என்றனர். அங்குள்ள காடுகளின் முதிர்ந்த மரங்களின் வயிரத்தில் படிகமாய் விளைவது அது. எடைக்கு எடை பொன் பெறும் என்று மார்க்கோ போலோ எழுதினார். மலாயின் ‘காப்பூர்’, தமிழின் கருப்பூரம், அரபியின் காஃபூர் யாவும் ஒரே சொல்லின் பல வடிவங்களே. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் எனப் பொதுவாகக் கருதப்படும் மலாய் மொழியின் முதற்பெரும் சூஃபிக் கவிஞர் ஹம்ஸா ஃபன்ஸூரியின் பெயரிலும் அவ்வூர் நிலைத்தது.

பாரூஸின் லோபு துவா எனுமிடத்தில் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்தது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088இல், ‘திசையாயிரத்து ஐந்நூற்றுவர்’ எனும் தமிழ் வணிகக் குழுவினர் பொறித்தது. நீலகண்ட சாஸ்திரியும், பின்னர் ஒய். சுப்பராயலுவும் அதனை ஆராய்ந்துள்ளனர். சீரா புராணம் தோன்றுவதற்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, கற்பூரத் துறையில் தமிழ் எழுதப்பட்டுவிட்டது. மேடானுக்கும் பெலாவானுக்கும் இடையே கோத்தா சீனா எனுமிடத்தில் நிகழ்ந்த அகழாய்வுகளிலும் 12 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலான தென்னிந்தியத் தொடர்புக்குச் சான்றுகள் கிடைத்துள்ளன. புகையிலைக்கு வந்த தமிழர் முதல்வரல்லர்.

மேடானிலிருந்து பாரூஸ் செல்ல ஒரு பகல் முழுவதும் மலைச்சாலையில் பயணம் செய்ய வேண்டும். அது எமக்கு வாய்க்கவில்லை. அதற்கு ஈடாகச் சந்தைக் கடையொன்றில் ‘காப்பூர் பாரூஸ்’ கேட்டோம். கடைக்காரர் ஒரு சிறு பொதியை எடுத்து நீட்டினார். உள்ளே இருந்தவை அலமாரியில் துணிகளுக்கிடையே இடும் பூச்சி உருண்டைகள்! ‘பாரூஸ் கற்பூரம்’ எனும் பெயர் இன்று அந்நாட்டில் இரசாயனப் பூச்சி உருண்டையைத் தான் குறிக்கின்றது. மன்னர்கள் பொன் கொடுத்து வாங்கிய பொருளின் பெயர் எஞ்சி, பொருள் போய்விட்டது. ஆப்பத்தில் கண்டது இதற்கு நேர்மாறு. அங்கே பொருள் அப்படியே இருக்கின்றது, அதன் பிறப்பிடம் மறந்துபோயிற்று. இவ்விரு வகை மறதியும் ஒரே சந்தையில் அருகருகே இருந்தன.

கொணர்ந்தவர் யார்?

இத்தகைய செய்திகளைக் கேட்கும் நம்மவர் சிலர், “அப்படியானால் இந்தோனேசியாவுக்கு இஸ்லாத்தைக் கொண்டுசென்றவர்கள் நாமே” என்று மார்தட்டத் தொடங்குவர். அறிவுலகம் அவ்வளவு எளிதாகத் தீர்ப்பளிப்பதில்லை. பாசாயில் உள்ள சுல்தான் மலிக்குஸ் ஸாலிஹின் அடக்கவிடம் ஹிஜ்ரி 696 (கி.பி. 1297) எனக் காட்டுகின்றது. அவ்வட்டாரக் கல்லறைக் கற்கள் குஜராத்தின் கம்பாத்திலிருந்து வந்தவற்றை ஒத்துள்ளன என்று மொக்கேத் எனும் டச்சு அறிஞர் 1912இல் எழுதினார். இல்லை, மத்ஹபைப் பார்க்கையில் சோழமண்டலக் கரையே பொருத்தம் என்று மாரிசன் 1951இல் வாதிட்டார். ஏறத்தாழ 1345இல் அங்கு சென்ற இப்னு பதூதா, பாசாயின் சுல்தான் ஷாஃபிஈ மத்ஹபினர் என்று குறித்துள்ளார். அதற்குச் சற்று முன்பு அவர் மதுரை சுல்தானகத்தில் தங்கியிருந்தவர். அரபியர் நம் கரைக்கு இட்ட ‘மஅபர்’ எனும் பெயருக்குக் ‘கடக்கும் இடம்’ என்பதே பொருள்.

பாசாயிலேயே ஹிஜ்ரி 823 (கி.பி. 1420) ஆண்டைச் சேர்ந்த ‘நைனா ஹுஸாமுத்தீன்’ என்பவரின் கல்லறையும் உண்டு. அதில் ஸஅதியின் பாரசீகக் கவிதை பொறிக்கப்பட்டுள்ளது. நைனா எனும் பெயர் நம் கடற்கரைக் குடும்பங்களில் இன்றும் வழங்குவது. ஒரே கல்லில் தமிழகத்தில் வழங்கும் பெயரும், பாரசீகக் கவிதையும், அரபு எழுத்தும், சுமத்திராவின் மண்ணும் சேர்ந்துள்ளன. அரபியர், குஜராத்தியர், வங்கத்தார், தமிழர், சீன முஸ்லிம்கள், அந்த மண்ணின் மக்கள் எனப் பலர் கைமாற்றி வளர்த்தது அங்குள்ள தீன். எவரும் தனியுரிமை கொண்டாட இயலாது என்பதே எம் துணிபு.

சட்டமிட்ட கடிதம்

ரமளான் பிறை தென்பட்ட இரவு. கௌதிய்யா பள்ளிவாசலில் தராவீஹ் தொழுதபின், சில தமிழ்ச் சொற்கள் அறிந்த முதியவர் ஒருவர் தம் இல்லத்துக்கு அழைத்தார். இளம் ஆலிமும் உடன் வந்தார். வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட பழைய தாளொன்று தொங்கிற்று. அரபு எழுத்து. “என் தாத்தா இந்தியாவிலிருந்து கொண்டுவந்த துஆ. வீட்டுக்குப் பறக்கத்தாக வைத்திருக்கின்றோம். எந்தத் துஆ என்று நீங்கள் சொல்ல வேண்டும்” என்றார்.

நாம் எழுந்து அருகே சென்று பார்த்தோம். அது துஆ அன்று. அர்வி எனும் அரபுத் தமிழில் எழுதிய ஒரு கடிதம். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகள் கூட்டிய எழுத்துகளைக் கண்டதும் ஐயம் நீங்கிற்று. நம் பெண்மக்கள் பல தலைமுறைகளாக, சபுராளிகளாய்க் கடல் கடந்த கணவருக்கு எழுதியது இவ்வெழுத்தில் தான். மலாய் மக்களின் ஜாவி எழுத்தும் இதே முறையில் பிறந்த உடன்பிறப்பே.

முதியவர் சிறுவயதில் ஜாவி பயின்றவர். “நீங்களே ஓசை கூட்டிப் படியுங்கள்” என்றோம். அவர் மெதுவாகப் படித்தார். சில எழுத்துகளில் தயங்கினார், ஆனால் படித்தார். தாம் படிப்பதன் பொருள் அவருக்குத் தெரியாது. எம் அருகில் நின்ற மகனுக்கோ அவ்வெழுத்தில் ஓரெழுத்தும் தெரியாது. ஆனால் காதில் விழுந்த தமிழ் முழுவதும் புரிந்தது. “அத்தா, இது துஆ இல்லை. யாரோ வீட்டிலிருந்து எழுதியிருக்கிறார்கள்” என்றான்.

ஒரு மனைவி தன் கணவருக்கு எழுதியிருந்தாள். மகள் குர்ஆனை ஓதி முடித்துவிட்டாள். அந்த விருந்தைத் தள்ளி வைத்திருக்கின்றோம். ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் வந்தால் நன்று. வர இயலாவிடில் இரண்டு வரி எழுதினாலும் போதும் என்பது அதன் சாரம். ஊரின் பெயர் இருந்திருக்கக் கூடிய மேல்மூலை கிழிந்திருந்தது.

இதனை அவரிடம் சொல்வதா, வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினோம். அவருடைய பாட்டி மேடானைச் சேர்ந்த மலாய்ப் பெண்மணி என்று அவரே முன்னர்க் கூறியிருந்தார். ஆயின், பொருள் கேட்டவருக்கு உண்மையை மறைப்பது அமானிதத்துக்கு மாறானது. ஆலிம் வாயிலாகச் சொன்னோம். அவர் நெடுநேரம் தாளையே பார்த்திருந்தார். பின்னர், “அப்படியானால் எனக்கு அங்கே ஓர் அத்தை இருந்திருக்கின்றார். தாத்தா திரும்பிச் சென்றாரா என்று எவரும் எங்களிடம் சொன்னதில்லை” என்றார். சட்டத்தை அவர் கழற்றவில்லை. “துஆ கேட்டுத் தானே எழுதியிருக்கின்றார், இருக்கட்டும்” என்றார். நாங்கள் நால்வரும் அப்பெண்மணிக்காக ஃபாத்திஹா ஓதினோம்.

அன்றிரவு அறைக்குத் திரும்பும் வழியில் மகன் கேட்டான்: “அவருக்கு எழுத்து தெரிகிறது, எனக்கு மொழி தெரிகிறது. நம் கல்லூரியில் அர்வி ஏன் கற்றுத் தருவதில்லை, அத்தா?” எம்மிடம் தகுந்த விடையில்லை. எம் தாயார் அர்வி நூல்களை விளக்கொளியில் ஓதக் கேட்டு வளர்ந்தவர் நாம். முப்பதாண்டுகளாய் அரபு இலக்கணம் கற்பிக்கும் நாம், பெற்ற பிள்ளைக்கு அவ்வெழுத்தைக் கற்பிக்கவில்லை. மேடானில் தமிழை மறந்தவர்களைக் கண்டு வருந்தச் சென்றோம். மறதியில் எம் பங்கையும் கண்டு திரும்பினோம்.

நோன்புக் கஞ்சி

முதல் நோன்பன்று லுஹருக்குப் பின் பெரிய பள்ளிவாசலின் வளாகத்தில் பெருங்கொப்பரைகள் அடுப்பேறின. அரிசியும், இறைச்சியும், உருளைக்கிழங்கும், மசாலாவும் சேர்ந்த கஞ்சி கொதித்தது. ‘பூபூர் சோப்’ எனும் இக்கஞ்சியை ரமளான் முழுவதும் இலவசமாக வழங்குவது சுல்தான் காலத்து வழக்கம். முன்னர் பலவகை இலைகளும் கிழங்குகளும் சேர்ந்த ‘பூபூர் பெடாஸ்’ சமைத்தனராம். அதன் சேர்மானங்கள் கிடைப்பது அரிதாகவே இது வந்தது. அஸ்ருக்குப் பின் பாத்திரங்களோடு மக்கள் வரிசையில் நின்றனர். பாத்திரம் நீட்டுவோரின் சமயத்தை எவரும் கேட்கவில்லை. அஸ்தினாபுரத்தில் தூக்குவாளியோடு வந்து நிற்கும் அண்டை வீட்டுச் சிறுவர்களை நாம் அங்கே கண்டோம்.

அச்சே பகுதியில் இத்தகைய நோன்புக் கஞ்சியின் பெயர் ‘கஞ்சி ரும்பி’. கஞ்சி எனும் சொல்லே அங்கு வாழ்கின்றது. இந்தோனேசிய மொழியில் ‘கஞ்சி’ மரவள்ளி மாவைக் குறிக்கும். துணிக்குக் கஞ்சியிடுவதற்கும் அதே சொல். யாவாவின் செமாராங் துறைமுகத்தில், பெக்கோஜான் பள்ளிவாசலில் நோன்பு திறக்க வழங்குவதை ‘இந்தியக் கஞ்சி’ என்றே அழைக்கின்றனர். அங்கு கொண்டுசென்றவர்களின் மொழி மறைந்து நெடுங்காலமாயிற்று, கஞ்சி மறையவில்லை. நாள்தோறும் பசித்தவருக்கு வழங்கப்பட்டதால் அது நிலைத்தது போலும்.

இந்தோனேசியா செல்லும் நண்பர்களுக்கு எம் வேண்டுகோள் எளிது. பாலியின் கடற்கரையைக் காண்பதில் தவறில்லை. ஆயினும் இரண்டு நாட்கள் மேடானுக்கு ஒதுக்குங்கள். அதற்கு முன், உங்கள் இல்லத்தின் பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். பர்மாவுக்கும், பினாங்குக்கும், டெலிக்கும் சென்றவர்களுக்கு எழுதிய கடிதங்களும், அவர்கள் எழுதியவையும் இன்னும் சில வீடுகளில் உள்ளன. அரபு எழுத்தில் இருப்பதால் துஆ என்று எண்ணிச் சட்டமிட்டவையும், படிக்க இயலாமல் கடலில் விட்டவையும் எத்தனையோ. படிக்கத் தெரிந்தோர் நம்மிடையே இன்னும் சிலர் உளர். அவர்களிடம் கொண்டுசெல்லுங்கள்.

எம் அளவில், இவ்வாண்டு ஷவ்வாலில் கல்லூரி திறந்ததும், வியாழக்கிழமை அஸ்ருக்குப் பின் அர்வி வகுப்பொன்றைத் தொடங்கினோம். ஏழு மாணவர்கள் வருகின்றனர். எட்டாமவனாக எம் மகன்.